அட்ஜஸ்ட்

தொண்ணூறுகளில் கிரிவலப் பாதையை ஒட்டிய ஓர் ஒற்றை அறை வீட்டில் குடியிருந்தோம். தண்ணீர் வராத நாளில் வீட்டுக்காரர், "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க" என்பார். வாயைத் திறக்காதே என்று பொருள். வேங்கிக்கால் பஸ்ஸில் கண்டக்டர் அதையே சொன்னால், நகர்ந்து உட்கார் என்று பொருள்.

பௌர்ணமி தவறாமல் சென்னையிலிருந்து சித்தப்பா குடும்பத்தோடு வந்து இறங்குவார். "மலைய சுத்திட்டு இங்கயே படுத்துக்கிறோம். அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம், என்ன இப்போ?" என்பார். நாங்கள் மொட்டை மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் படுக்க வேண்டும் என்று பொருள்.

ஒருமுறை வேலைக்கான நேர்காணலுக்குச் சென்னை போனவன், பெட்டியோடு சித்தப்பா வீட்டுக் கதவைத் தட்டினேன். மூன்று படுக்கையறை உள்ள வீடு. வாசலிலேயே நின்றபடி பக்கத்துத் தெரு லாட்ஜுக்கு வழி சொன்னார். அந்த ஒரு இங்கிலீஷ் வார்த்தை மட்டும் அவர் வாயில் வரவே இல்லை.