தள்ளாடாத மாப்பிள்ளை

எங்கள் தீவில், ஹட் பே ஊரில், பேச்சியம்மா நம்பிய ஆள் என்று ஒருவரும் கிடையாது. மீன்காரன் செவுளைத் தூக்கிக் காட்டினால், சாயம் பூசியிருப்பானோ என்று விரலால் தேய்த்துப் பார்ப்பாள். புருஷன் போனபின் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்து, தோட்டம் மூடியதும் இட்லிக்கடை போட்டு, ஒரே மகள் மீனாவை வளர்த்தவள். அந்தப் பெண்ணும் தன்னைப் போல் விதவையாகிவிடக் கூடாதே என்பதுதான் அவள் பயம். அதைக் கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் மாப்பிள்ளை பார்க்க அவள் கண்டுபிடித்த வழி இருக்கிறதே, அது வேறு. இங்கே குடிக்காத ஆம்பளை ஏது, குடித்தபின் எப்படி நடக்கிறான் என்று பார்த்தால் போதும் என்பாள். தம்பி பொன்னுத்துரையை விட்டு ஊற்றிக் கொடுக்கச் சொல்லிவிட்டு, பையன் படகுத்துறை ஜெட்டி ரோட்டில் வருவதைக் கடைக்குள் நின்று கவனிப்பாள். படகு மெக்கானிக் செந்தமிழன் ஒரே கிளாஸில் நாக்குழறி மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டான். "இவனா என் பொண்ணக் காப்பாத்துவான்?" என்று ஊரெல்லாம் சொல்லித் தட்டிவிட்டாள். காண்ட்ராக்டர் ஈஸ்வரன் ஒரு பாட்டிலை முடித்துவிட்டு நேராக நடந்து வந்து இட்லி கேட்டான். "இவன் பக்கா" என்றாள். மீனாவை யாரும் கேட்கவில்லை.

நிச்சயத்துக்குப் புடவை எடுக்கப் போன கடையில், நர்ஸ் சுகுணாவிடம் இதைப் பெருமையாகச் சொன்னாள். சுகுணா சிரிக்கவில்லை.

"அக்கா, மூளையில செரோடோனின்னு ஒரு ரசாயனம் இருக்கு. அதை வாங்கிக்கிற ஏற்பிகள் எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யாது. சிலருக்குப் போதை சட்டுனு தெரியும், சிலருக்குத் தெரியவே தெரியாது. அதுக்கு இதுவும் ஒரு காரணம்னு சொல்றாங்க. தெரியாதவங்கதான் நிறுத்தாம குடிப்பாங்க. ஈரல் அது பாட்டுக்குக் கெட்டுக்கிட்டே இருக்கும்."

"உனக்கு இதையெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா? செந்தமிழன் அம்மாவா?" என்றாள் பேச்சியம்மா. ஆனால் புடவை எடுக்கவில்லை. ஈஸ்வரன் வீட்டுக்கு வேண்டாம் என்று சொல்லியனுப்பினாள்.

மறுநாள் செந்தமிழன் வீட்டு வாசலில் போய் நின்றாள். அவன் அம்மா அழகம்மா உள்ளே வரச் சொல்லவில்லை.

"ஒரு கிளாஸுக்கே விழுறவன்னு ஊர் பூரா சொன்னீங்க. இப்ப வந்து பொண்ணு தர்றேங்கிறீங்க. இதுல என்ன மத்லப், என்ன உள்நோக்கம்?"

பிறரை இப்படிக் கேட்டே பழகிய பேச்சியம்மா வாசல்படியிலேயே உட்கார்ந்தாள்.

"என் புருஷன் எவ்வளவு குடிச்சாலும் ஒரு நாளும் தள்ளாடினதில்ல, அழகம்மா. ரத்த வாந்தி எடுத்த அன்னிக்கும் ஆஸ்பத்திரிக்கு நேரா நடந்துதான் போனாரு. 'பாருங்க, எவ்வளவு ஸ்டெடியா போறாரு'ன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டே நான் பின்னால போனேன்."