டர்போவுக்குப் பின்னால் ஒரு துளை

சிவநேசன் இறந்துவிட்டார் என்ற செய்தி காலையில் என் கைப்பேசிக்கு வந்தது. அனுப்பியவருக்கு அதை வேறொருவர் அனுப்பியிருந்தார். அந்த வேறொருவருக்கு யார் சொன்னார் என்று தெரியவில்லை. ஆகவே நான் நம்பவில்லை. வெள்ளவத்தையிலுள்ள அவர் வீட்டுக்கு அழைத்தேன். மனைவி எடுத்தார். “ஓம் அண்ணை, உண்மைதான். விடியப்புறம் நித்திரையிலயே போயிட்டார். நீங்கள் ஒருத்தர்தான் உண்மையோ எண்டு கேட்டனீங்கள். அவர் இருந்திருந்தால் மெச்சியிருப்பார்” என்றார்.

அவரை அறிந்த உங்களுக்கு இது விளங்கும். பழுதடைந்த வாகனங்களைப் பார்த்துக் காப்புறுதிக்காரர்களுக்கு அறிக்கை எழுதுவது அவருடைய தொழில். பழுதைப் பார்ப்பதற்கு முன் ஆட்களைப் பார்ப்பார். “அவசரமாச் சொல்லுற உண்மையை ஆறவிட்டுத்தான் எடுக்க வேணும்” என்பார்.

கண்டி வீதியின் கடுகண்ணாவ ஏற்றத்தில் நின்றுபோகும் லொறிகளைப் பற்றி நான் பத்திரிகைக்கு எழுதிக்கொண்டிருந்த நாட்களில், அவருடன் கொட்டாஞ்சேனையில் ஒரு கராஜுக்குப் போனேன். சீமெந்து ஏற்றிக் கண்டிக்குப் போன டர்போ டீசல் லொறி, அந்த ஏற்றத்தில் பிஸ்டன் உருகி நின்றிருந்தது. எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை அளவு மீறிச் சூடானால் அப்படி நேரும். அந்தச் சூட்டைப் பாகையில் காட்டவென்றே சாரதியின் முன்னால் ஒரு மானி உண்டு. முள் சிவப்புக் கோட்டை நெருங்கினால் கியரைக் குறைத்து, காலைத் தளர்த்த வேண்டும். சாரதி நஸீர் மாளிகாவத்தைக்காரர், வேலைக்குப் புதியவர். முள்ளைப் பாராமல் மிதித்தார் என்பது லொறி முதலாளியின் குற்றச்சாட்டு. அது அறிக்கையில் ஏறினால் அந்தப் பகுதியில் எந்த முதலாளியும் நஸீரிடம் சாவி கொடுக்கமாட்டார்.

முதலாளி சிவநேசனை ‘அண்ணே’ என்று அழைத்தார். பிளேன்டீ வரவழைத்தார். நெடுநாள் பழக்கம் என்று தெரிந்தது. முடிவு முன்னரே பேசப்பட்டுவிட்டதோ என்று எனக்குத் தோன்றியது. சிவநேசன் நஸீரை விசாரித்த விதத்தில் அந்தச் சந்தேகம் கூடியது.

“தம்பி, முள் எதில நிண்டது?”

“ஐநூத்தம்பதுல சேர். சிவப்புக்கு இன்னும் எவ்வளவோ தூரம் ஈந்திச்சு.”

“பாத்தனீரோ, பிறகு யோசிச்சுச் சொல்லுறீரோ?”

“அல்லாஹ் மேல ஆணையா பாத்தேன் சேர்.”

“ஆணையை விடும். எந்த கியரில ஏறினனீர்?”

முதலாளி சிரித்தார். “பொய்ண்ணே. ஐநூத்தம்பதுல பிஸ்டன் எப்பிடி உருகும்? மானி போட்டு ஒரு வருஷம்கூட ஆகல, புதுசு.”

“புதுசெண்டா அதையும் கேக்கத்தான் வேணும்” என்று சொல்லிவிட்டு, சிவநேசன் சட்டையைக் கழற்றிக் கதிரையில் போட்டார். டோர்ச்சுடன் லொறிக்கடியில் புகுந்தார். வெளியே வந்தபோது முதுகெல்லாம் எண்ணெய். “எங்க வச்சு அளந்திருக்கிறியள் எண்டு போய்ப் பாருங்கோ” என்றார் முதலாளியிடம்.

மானியின் உணர்கம்பி டர்போவுக்கு முன்னால் இருக்க வேண்டும். இங்கே துளை பின்னால் போடப்பட்டிருந்தது. எஞ்சினுக்குக் காற்றை ஊட்டும் டர்போவைச் சுழற்றிவிட்டு வரும் புகை சூட்டில் ஒரு பங்கை இழந்திருக்கும்; மானி குறைத்தே காட்டும். முன்னால் துளைப்பதென்றால் குழாயைக் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் இரும்புத்தூள் டர்போவுக்குள் விழும். லொறி வேலையில்லாமல் நிற்க மனமில்லாதவர்கள் பின்னால் துளைத்துவிடுவார்கள்.

முதலாளி விடவில்லை. “பழைய டிரைவரும் இதே மானியை வச்சுத்தானே ஓட்டினான்? அவனுக்கு ஒண்ணும் ஆகலையே?”

சிவநேசன் சாரதி ஆசனத்தில் ஏறினார். மானியின் கண்ணாடியை நகத்தால் சுரண்டினார். நானூற்றைம்பதுக்கு நேரே பழைய பசைத் தடம் இருந்தது.

“இதில என்ன ஒட்டியிருந்தது?”

“அதுவா? பழையவன் சிவப்பு டேப் ஒட்டி வச்சிருந்தான். அசிங்கமா இருந்துச்சு. புது ஆள் வர்றான்னு லொறியைக் கழுவினப்ப நான்தான் கிழிச்சுப் போட்டேன்.” சொல்லி முடிக்கும்போதே முதலாளியின் குரல் இறங்கியது.

துளை எங்கே இருக்கிறது என்று பழைய சாரதிக்குத் தெரிந்திருக்கிறது. தனக்கென்று ஒரு சிவப்புக் கோட்டைத் தானே போட்டுக்கொண்டார். நஸீருக்கு மிஞ்சியது அச்சிட்ட கோடு மட்டும்.

“துளை பிழைன்னு மட்டும் எழுதுங்கண்ணே. டேப் கதை எதுக்கு?”

“டேப்பை விட்டா, பழைய ஆள் எப்பிடிப் பழுதில்லாம ஓட்டினவர் எண்டு கேப்பாங்கள். திரும்ப இவன்ர தலையிலதான் வந்து விழும்.”

இரண்டையும் எழுதினார். நஸீரின் வேலை தப்பியது. முதலாளி அதன்பிறகு சிவநேசனுடன் கதைக்கவில்லை. என் கட்டுரை வெளியான அன்று சிவநேசன் தொலைபேசியில் வந்தார். பாராட்டு என்று நினைத்தேன். “எழுநூறு பாகை எண்டு போட்டிருக்கிறீர். எங்க வச்சு அளந்தது?” என்றார். நான் அளக்கவில்லை, ஒருவர் சொன்னார் என்றேன். “அவர் ஏன் சொன்னவர்?” என்று கேட்டார்.

செத்த வீட்டுக்கு நஸீர் வந்திருந்தார். இன்னும் லொறிதான் ஓட்டுகிறார். “அதுக்குப் பொறகும் என்னக் கண்டா விடமாட்டாரு சேர். ‘தம்பி, இப்பவாவது சொல்லும், முள்ளைப் பாத்தனீரோ’ன்னு கேப்பாரு. கடசி வரைக்கும் என்ன நம்பல்ல.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கண்கள் சிவந்திருந்தன.

அன்று ஏற்றத்தில் நஸீர் முள்ளைப் பார்த்தாரா என்பது எனக்கும் இன்றுவரை தெரியாது. தெரியாத ஒன்றை ஒரு சாரதியின் பெயருக்கு எதிராக எழுதக்கூடாது என்பதில் மட்டும் சிவநேசனுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதைத்தான்.