போர்வை போட்டு விற்பவர்

"கண்ணாடி போடுவீங்களா?" என்று கேட்டுக்கொண்டே, கடைக்கு வந்தவர் நீட்டும் பட்டியலைப் படிக்காமல் நான்காக மடித்துக் கல்லாவின் ஓரத்தில் வைத்துவிடுகிறார். அடுத்தது, "மேஜை எவ்ளோ அகலம்?" அதற்கும் அடுத்தது, "என்ன ஆட்டம்? சுடறதா, ஓட்டறதா, ஊர் கட்டறதா?" கேம் விளையாடக் கணினி வாங்க வந்தவர் திகைக்கிறார். மூன்று வாரம் வீடியோ பார்த்துப் பொறுக்கியெடுத்த பாகங்களின் பெயர்கள் அந்தக் காகிதத்தில் இருக்கின்றன. தன் கண்ணைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

கேட்பவருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. முழுக்கைச் சட்டையை முழங்கைவரை மடித்திருப்பார். கடை அவருடையதல்ல, மனைவியின் அண்ணனுடையது. முன்னறையில் மச்சான் கல்லாவில் இருப்பார்; பின்னறையில் இவர் பாகங்களைப் பூட்டுவார். எந்தச் சர்க்யூட் பலகையைத் தொடும் முன்பும் கணினிக் கேபினட்டின் இரும்பை ஒருமுறை விரலால் தொடுவார். உடம்பில் தேங்கிய மின்சாரம் அதன்வழி இறங்கிவிடும் என்பது தொழில்முறை. ஆனால் அவர் தொடுகிற விதத்தைப் பார்த்தால் அனுமதி கேட்பது போலிருக்கும்.

பாகங்களைப் பற்றி அவர் பேசுவது மனிதர்களைப் பற்றிப் பேசுவது போலத்தான். பவர் சப்ளையில் மிச்சம் பிடிக்க நினைப்பவரிடம், "இதுல கஞ்சத்தனம் வேண்டாம் சார். இது செத்தா தனியா சாகாது, கூட நாலு பேரைக் கூட்டிக்கிட்டுத்தான் போகும்" என்பார். ரேம் ஒரே துண்டாகக் கேட்டால், "ஒத்தக் கால்ல நிக்க வெக்காதீங்க, அதே அளவை ரெண்டா போடுங்க." ஏழு நிறத்தில் மின்னும் விசிறிகளைக் காட்டிக் கேட்பவரிடம் மட்டும் குரல் கொஞ்சம் உயரும். "விளையாடப் போறீங்களா, வெளிச்சம் போடப் போறீங்களா?"

ஆட்டத்தின் படங்களைத் திரைக்கு அனுப்பும் கிராபிக்ஸ் கார்டில் விலையுயர்ந்ததுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களைப் பின்னறைக்கு அழைத்துப் போவார். அங்கே ஒரு நீள மேஜை. மேலே ஒரே மாதிரி இரண்டு திரைகள். கீழே இரண்டு கணினிகள், ஒன்றில் விலையுயர்ந்த கார்டு, மற்றதில் ஏறக்குறைய பாதி விலைக் கார்டு. இரண்டையும் மறைத்து ஒரு நீலப் பூப்போட்ட போர்வை தொங்கும். "ரெண்டுலயும் விளையாடுங்க. எது ஒசத்தின்னு நீங்களே சொல்லுங்க." பெரும்பாலானோர் இங்கும் அங்கும் மாறி உட்கார்ந்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு?" என்பார்கள். பாதி விலைக் கார்டோடு வீட்டுக்குப் போவார்கள். கல்லாவிலிருந்து மச்சானின் குரல் வரும்: "மாப்ள, நீங்க விக்கிறீங்களா, விக்காம தடுக்கிறீங்களா?"

இவரை நேர்மையானவர் என்று எழுதிவிட எனக்குத் தயக்கம் இருந்தது. தான் சொன்னது சரி என்று பிறர் வாயால் கேட்பதில் அவருக்கு ஒரு ருசி உண்டு. "ரெண்டும் ஒண்ணுதான்" என்று ஒருவர் சொல்லும்போது அவர் முகத்தில் வரும் மலர்ச்சி, வாடிக்கையாளருக்குப் பணம் மிஞ்சியதற்காக மட்டும் வருவதல்ல. நேர்மையும் இந்த ருசியும் வெளியே பார்க்க ஒன்று போலவே இருக்கும். எது எது என்று பிரித்துச் சொல்ல, அவர் தோற்கும் ஒரு நாள் வரவேண்டும்.

போன புதன்கிழமை காலை அது வந்தது. கண்ணாடிப் பாட்டில் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் ஒரு பெண்மணி, சுவருக்கு வண்ணமடிக்கும் தன் கணவரோடு வந்திருந்தார். வேறு ஊரில் இருக்கும் தம்பியோடு ஞாயிறுதோறும் கார்ப் பந்தயம் ஆடுகிறவர். பழைய லேப்டாப்பில் ஆடி ஆடித் தோற்றுக்கொண்டிருக்கிறார்.

"தோத்தாக்கூடப் பரவால்லண்ணா. 'அக்கா, நீ கார் ஓட்டறியா, கட்டை வண்டி ஓட்டறியா'ன்னு கேக்கறான். அதான் பொறுக்கல" என்றார். பெரிய கார்டுதான் வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார்.

இவர் புன்னகையோடு பின்னறைக்கு அழைத்துப் போனார். முதலில் கணவர் உட்கார்ந்து பார்த்து, "எனக்கு ரெண்டும் ஒரே கலர்தான்" என்றார். பிறகு அந்த அம்மாள் உட்கார்ந்தார். இடப்பக்கத் திரையில் ஒரு சுற்று, வலப்பக்கத்தில் ஒரு சுற்று.

"வலதுதாண்ணா ஒசத்தி."

வலப்பக்கம் இருந்தது பாதி விலைக் கார்டு. இவர் முகம் மலர்ந்தது. "அக்கா, சும்மா குத்துமதிப்பா சொல்றீங்களா?"

"குத்துமதிப்பா? இடது பக்கம் வளைவுல கார் தத்தித் தத்திப் போகுது. பல்லு விழுந்த சீப்பு மாதிரி நடுநடுவுல ஏதோ இல்ல. நிமிஷத்துக்கு முந்நூறு பாட்டில் ஓடற பெல்ட்டு முன்னாடி பத்து வருஷமா நிக்கறேன். இது தெரியலன்னா எனக்கு யாரு சம்பளம் குடுப்பா?"

"நான் அடிச்ச சுவத்துலயே நாலு குத்தம் சொல்லுவா சார். நீங்க எந்த மூலைக்கு?" என்றார் கணவர்.

இவர் ஆட்டத்தை மாற்றிப் போட்டார். அப்போதும் வலது. இன்னொன்று போட்டார். வலதுதான். இவருடைய மலர்ச்சி மெல்ல வடிந்தது. ஒன்றாகத் தெரிந்தால் சரி; உயர்ந்தது உயர்ந்ததாகத் தெரிந்தாலும் சரி. மலிவானது எப்படி உயர்வாகத் தெரியும்? அந்த அம்மாளை எழுப்பிவிட்டு இடப்பக்கத் திரையின் முன் தானே உட்கார்ந்தார். செட்டிங்ஸைத் திறந்தார். நொடிக்கு நூற்று நாற்பத்து நான்கு படங்கள் காட்டவேண்டிய திரை, அறுபதில் நின்றிருந்தது.

ஐந்து மாதத்துக்கு முன் அந்தக் கணினியில் விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டவர் அவர்தான். போட்டதும் திரையின் வேகம் தானாக அறுபதுக்கு இறங்கிவிட்டது. அதைக் கவனிக்காமல் விடுவது, வீட்டில் வைத்து விளையாடுகிறவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. வாங்கிப் போகிற ஒவ்வொருவரிடமும், "போனதும் அந்த நம்பரை ஒருதடவை பாருங்க" என்று அவரே எச்சரிப்பார். தன் சோதனை மேஜையில் மட்டும் பார்க்கவில்லை. பெரிய கார்டு எத்தனை படங்களை அனுப்பினாலும் திரை அறுபதுக்கு மேல் காட்டாது. ஐந்து மாதமாக வந்தவர்கள் "ஒண்ணாத்தான் இருக்கு" என்றது அந்த அறுபதைப் பார்த்துத்தான். அந்தப் பதிலைத்தான் அவர் எதிர்பார்த்திருந்தார். எதிர்பார்த்தது கிடைக்கும்போது யாரும் கருவியைச் சந்தேகிப்பதில்லை.

எண்ணைத் திருத்திவிட்டு மீண்டும் ஆடச் சொன்னார். இம்முறை அந்த அம்மாள் நெடுநேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இப்ப இடதுதான் ஒசத்தி. ஆனா கொஞ்சூண்டு. இப்ப எனக்குப் புரிஞ்சுபோச்சுண்ணா. கார்டு சின்னதே போதும். இந்த மாதிரி திரை குடுங்க. எங்க வீட்டு லேப்டாப்பு அந்தப் பழைய சீப்புதான்."

அப்படியே எழுதிக்கொண்டார். இரண்டாய் ரேம், தரமான பவர் சப்ளை, விளக்கில்லாத விசிறி, சின்னக் கார்டு, நல்ல திரை. கணவர் வாசலுக்குப் போகும்போது, "ஞாயித்துக்கெழம அந்தப் பயலுக்கு இருக்கு" என்றார், தானே ஓட்டப்போவது போல.

அவர்கள் போனதும் மச்சானிடம் நடந்ததைச் சொன்னார். மச்சான் கல்லாவை ஓங்கித் தட்டினார். "அஞ்சு மாசமா என் கடையில உக்காந்துக்கிட்டு எனக்கே ஆப்பு வெச்சிருக்கீங்க! பெரிய கார்டு எத்தனை போயிருக்கும்?" உடனே குரல் குழைந்தது. "சரி, பாதகமில்ல. எல்லாருக்கும் போன் போடுங்க. மறுபடி வந்து பாக்கச் சொல்லுங்க. பாதிப் பேராவது பெரிசுக்கு மாறுவான்."

"போன் போடறேன். ஆனா அதுக்கில்ல."

"எதுக்கா இருந்தா என்ன மாப்ள? போன் ஒண்ணுதானே?"

கேட்கிறவர் காதில் இரண்டும் ஒன்றாகத்தான் விழும் என்பது இவருக்கும் தெரிந்திருந்தது. அந்த ஐந்து மாத பில் நகல்களைப் புரட்டி, போர்வைச் சோதனை பார்த்துவிட்டு வாங்கியவர்களைப் பிரித்தெடுத்தார். பதினேழு பேர். பின்னறை ஸ்டூலில் உட்கார்ந்து முதல் எண்ணை அழுத்தினார். மறுமுனையில் குரல் கேட்டதும் எழுந்து நின்றார்.

"சார், கார்டு வாங்கினீங்களே, அந்தக் கடையிலேர்ந்து. ரெண்டும் ஒண்ணுன்னு நான் காட்டினேன் இல்ல? அது தப்பு சார். என் மேஜையில ஒரு நம்பர் தப்பா இருந்துச்சு. நான் பாக்கல... இல்ல இல்ல, எதுவும் வாங்க வேண்டாம். உங்ககிட்ட இருக்கறதும் நல்ல கார்டுதான். நேரம் இருந்தா வந்து சரியா ஒருதடவை பாருங்க. மாத்தணும்னு தோணுச்சுன்னா பழசை எடுத்துக்கறோம். நான் சொன்னது தப்புன்னு உங்களுக்குத் தெரியணும், அதுக்குத்தான்."

"எதுவும் வாங்க வேண்டாம்" என்ற இடத்தில் முன்னறையில் மச்சான் நெற்றியில் அடித்துக்கொண்ட சத்தம் கேட்டது. மறுமுனையில் இருந்தவர் ஏதோ சொல்லிச் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. நகலில் ஒரு கோடு போட்டு ஓரமாக வைத்தார். இரண்டாவது எண்ணை அழுத்தும் முன், ஸ்டூலைக் காலால் மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டார்.