இரத்தம் விழுந்த பாடு

குருநகருக்கு அப்பால் ஆழமில்லாத பரவைக்கடலை ஒட்டிக் கிடக்கிற சின்னக் கரை சிப்பித்துறை. அங்கே லூர்த்தம்மாவிடம் அடி வாங்காத ஆள் ஒன்று கைக்குழந்தையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பங்குச் சுவாமியாக இருக்க வேண்டும். வாய் திறக்க முந்தி கை பேசிவிடும். புருசன் பேதுரு ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காத மனிசன். வீட்டுக்கு ஒரு ஆளுக்குத்தான் கோபம் அளந்து கொடுப்பது ஆண்டவனின் வழக்கம்போலும்.

அவள் பெயர் ஊர்தாண்டிப் போனது மண்ணெண்ணெய் வரிசையில். நாட்டிலே டொலர் முடிந்து, கப்பல் வந்து நின்றும் எண்ணெய் இறக்க வழியில்லாமல் கிடந்த வருசம் அது. விடியவிடிய எண்ணெய்க் கானோடு நின்ற சனத்துக்கு முன்னால் ஒரு முதலாளியின் கையாள் மூன்று கான்களைக் கொண்டுவந்து வைத்தான். லூர்த்தம்மா ஒரு சொல்லும் கேட்கவில்லை. கையிலிருந்த வெறும் கானால் அவன் வாயில் போட்டாள். முன்பல் இரண்டு மண்ணில் விழுந்தன. எழும்ப எழும்ப அடித்தாள். பிடித்து இழுக்க வந்த பொலிஸ்காரரின் தொப்பி வாய்க்காலில் கிடந்தது.

பிறகு வரிசை போனது, விலை வந்தது. எண்பத்தேழு ரூபா மண்ணெண்ணெய் ஒரே இரவில் முந்நூற்று நாற்பது ரூபா. கடன் தந்தவர்களுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று, இனி மானியம் கிடையாது என்றார்கள் கொழும்பில். அடுத்த வருசம் பணவீக்கம் இத்தனை வீதமாகக் குறையும் என்று மதிப்பீடும் போட்டார்கள். வீதம் குறைந்ததும் உண்மைதான். ஆனால் ஏறின விலை ஏறினபடியே நின்றது, ஏறுகிற வேகம் மட்டும் தணிந்தது. இதை லூர்த்தம்மாவுக்கு விளங்கப்படுத்தப் போன கடைக்காரன், பருப்புப் பையாலேயே கன்னத்தில் வாங்கினான். அவன் மேல் பிழையில்லை, சரியாகத்தான் சொன்னான். அடிக்கக் கிட்ட நின்றவன் அவன்தானே!

இஞ்சினுக்கு எண்ணெய் விட்டு ஆழக்கடலுக்குப் போகக் கட்டுப்படியாகவில்லை. பேதுரு இஞ்சினைச் சாக்கால் மூடிவிட்டு, தகப்பன் விட்டுப்போன பாட்டுக்குத் திரும்பினான். பாடு என்றால் முழங்கால் தண்ணீரில் தடி ஊன்றி வலை கட்ட ஒரு குடும்பத்துக்கென்று விடப்பட்ட இடம். இறாலும் ஓரா மீனும் அங்கே விழுந்தால்தான் அவர்கள் வீட்டில் உலை கொதிக்கும்.

சிப்பித்துறையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பாட்டுத் தண்ணீரில் கோபத்தால் மனிச இரத்தம் விழுந்தால், ஆருடைய இரத்தமாக இருந்தாலும், அடுத்த பெரிய வெள்ளி கழியும்வரை அதில் ஒருவரும் கால் வைக்கக்கூடாது. ஆர் சரி, ஆர் பிழை என்ற கேள்வியே இல்லை. அதனால்தான் கரையில் புலியாக நின்ற லூர்த்தம்மா தண்ணீரில் இறங்கினால் பூனையாக இருந்தாள்.

போன வருசம் உயிர்த்த ஞாயிறு கழிந்த கையோடு காபன் வியாபாரம் வந்தது. கொண்டுவந்தவன் றயன், மிசன் பள்ளிக்கூடத்தில் படித்துப் பொருளாதாரத்தில் பட்டம் எடுத்தவன், ஒரு கொம்பனியின் அலுவலர். எங்கேயோ புகை விடுகிற தொழிற்சாலைக்காரர் அந்தப் புகைக்கு விலை கட்டவேண்டுமாம். இங்கே சேற்றில் கண்டல் மரம் நட்டால் அது புகையை இழுக்குமாம். அந்த விலை டொலராக வருமாம்.

“கடன்பட்ட நாட்டுக்கு இது நல்ல வழி, அன்ரி. மாரிக்கு முன்னம் நட்டு முடிக்காட்டி வாங்கிறவங்கள் விட்டிட்டுப் போயிடுவாங்கள்.”

“எங்கையோ ஒருத்தன் புகை விட, நான் ஏன் தம்பி மூச்சை அடக்கவேணும்?” என்றாள் லூர்த்தம்மா.

அவன் வரைபடத்தை விரித்தான். நடுவே கிடந்தது பேதுருவின் பாடு. அதைத் தாண்டாமல் அப்பாலுள்ள சேற்றுக்குப் போகவும் வழியில்லை. லூர்த்தம்மா அவன் கொலரைப் பிடித்துக் கரையோரச் சேற்றில் முகம் புதைய அழுத்தினாள். கால் இரண்டும் அடித்துத் துடித்தன. பேதுரு ஓடிவந்து விலத்தியிராவிட்டால் அந்தப் பெடியனின் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

அதற்குப் பிறகு றயன் கரையை விட்டு இறங்கவில்லை. ஊர்ப் பெண்களை நாட்சம்பளத்துக்குப் பிடித்தான். தலைவி வேறு ஆருமில்லை, லூர்த்தம்மாவின் சொந்தத் தங்கச்சி ஜெனிற்றா. புருசன் விட்டுப்போக மூன்று பிள்ளைகளோடு நின்றவள்.

ஒரு காலை வலை பார்க்கப் போன பேதுருவும் லூர்த்தம்மாவும் கண்டது, பிடுங்கி எறிந்த தடிகளையும் கிழிந்த வலையையும்தான். பெண்கள் குனிந்து கண்டல் நட்டுக்கொண்டிருந்தார்கள்.

“தடியைப் பிடுங்கினது ஆர்?”

“நான்தான்.” ஜெனிற்றா நிமிர்ந்தாள். “என்ன, அடிக்கப் போறியோ அக்கா? அடி. இரத்தம் விழட்டும். உன்ரை பாடும் பூட்டுப்படும். அத்தான் வலையைச் சுருட்டிக்கொண்டு போகட்டும்.”

லூர்த்தம்மா வள்ளம் தள்ளும் கம்பை ஓங்கினாள். மண்டை பிளந்திருக்கும். கம்பு தலைக்கு மேலேயே நின்றது.

“உனக்குத் தடி ஊண்ட ஒரு இடமெண்டாலும் கிடக்கு,” என்றாள் ஜெனிற்றா. “எனக்கு என்ன கிடக்கு? பால்மா என்ன விலையெண்டு தெரியுமோ உனக்கு? இந்தச் சம்பளம்தான் என்ரை பிள்ளையளின்ரை சோறு.”

கம்பு இறங்கியது. பெண்களில் இரண்டு பேர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் அவள் நெஞ்சில் குத்தியது. நட்டு முடித்தால் பாடு என்றைக்கும் இல்லை. பூட்டுப்பட்டால் ஒரு வருசப் பட்டினி, ஆனால் மாரிக்கு முன்னம் நட ஏலாது, பாடு மிஞ்சும்.

இடுப்பிலிருந்து வலை அறுக்கிற கத்தியை உருவினாள். பெண்கள் அலறிக் குழறினார்கள். ஜெனிற்றா பின்னுக்குச் சரிந்து தண்ணீரில் விழுந்தாள்.

“வேண்டாம் லூர்து!” என்று பேதுரு கத்தினான்.

லூர்த்தம்மா கத்தியின் வாயை இடது கையால் பொத்திப் பிடித்து ஒரே இழுவை இழுத்தாள். உள்ளங்கை எலும்பு தெரியப் பிளந்தது. இரத்தம் கொட்டித் தண்ணீர் சிவந்தது.

“எல்லாரும் பாருங்கோ! கோபத்திலைதான் விழுத்தினனான்!”

பெண்கள் கண்டல் கன்றுகளைப் போட்டுவிட்டு, சிலுவை அடையாளம் போட்டபடி கரையேறினார்கள்.

“எங்கை போறியள் அன்ரி? சரி, நாளைக்கு வாங்கோ,” என்றான் கரையில் நின்ற றயன்.

“இனிப் பெரிய வெள்ளி கழியட்டும் தம்பி,” என்றாள் அவர்களில் ஒருத்தி.

“அது அடுத்த வருசமெல்லோ!”

அவனுடைய மதிப்பீட்டில் புயலுக்கு ஒரு கணக்கு இருந்தது, வெள்ளத்துக்கும் இருந்தது. இதற்கு மட்டும் இருக்கவில்லை.

கரையில் லூர்த்தம்மா குந்தியிருந்தாள். ஈரச் சீலையோடு வந்த ஜெனிற்றா தன் தலைத்துணியைக் கிழித்து அக்காவின் கையைச் சுற்றினாள். பல்லால் இழுத்து முடிச்சை இறுக்கினாள். பிறகு எழும்பி, ஊர் பார்த்துநிற்க, அக்காவின் கன்னத்தில் பளார் என்று அறைந்தாள்.

“அது என்ரை பிள்ளையளின்ரை சோத்துக்கு.”

பேதுரு கண்ணை மூடிக்கொண்டான். லூர்த்தம்மாவை அதுவரை அடித்தவர் இல்லை. காயப்படாத வலது கை மேலே எழும்பியது. எழும்பி, தன் கன்னத்தைத் தடவிவிட்டு மடியில் விழுந்தது.

“ஓம், அது எனக்கு விழவேண்டினதுதான்,” என்றாள். “நீர்வேலியிலை வாழைத்தோட்டத்துக்கு ஆள் தேடுறாங்களாம். நாளைக்கு நானும் உன்ரை அத்தானும் போறம். நீயும் வாறியோ?”

ஜெனிற்றா மற்றக் கன்னத்திலும் ஒன்று போட்டுவிட்டு, “வாறன்,” என்றாள்.