ஷட்டருக்குப் பின்னால் கேட்ட குறட்டை

மூன்று வருஷத்துக்கு முன்னால், தண்ணீர்த் திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது நடந்தது இது. ரங்கூனில் போட்டாதாங் பேட்டையில், கயிறும் தார்ப்பாயும் விற்கிற எங்கள் சின்னக் கடையில், பட்டப்பகலில்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. போலீஸ் தலை தெரிந்தால், முனையில் இருக்கும் டீக்கடைக்காரர் கெட்டில் மூடியை மூன்று தட்டு தட்டுவார். அவ்வளவுதான், அரை நிமிஷத்தில் ஷட்டரெல்லாம் இறங்கிவிடும். தப்பு செய்தவன், செய்யாதவன் என்ற பேதமே கிடையாது. ஷட்டர் இழுப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்குப் பெருமை வேறு.

என் கொழுந்தன் படகுத்துறையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன். ஊசிப் பழக்கம் பிடித்து ஆளை உருக்கிவிட்டது. அப்புறம் சிகிச்சைக்குப் போய், எட்டு மாதம் எதையும் தொடாமல், கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டுத் திரும்பி வந்தான். கடையில் உட்கார வைத்துக் கயிற்று வேலை பழக்கினேன். அன்றைக்குப் பதினோரு மணி வாக்கில் வெளியே போய்விட்டு வந்தான். கண்ணைப் பார்த்ததுமே மறுபடி ஊசி போட்டிருக்கிறான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் பின்பக்கம் போய்த் தார்ப்பாய்க் கட்டின்மேல் படுத்தான். கொஞ்ச நேரத்தில் குறட்டைச் சத்தம் கேட்டது. தூங்கித் தொலையட்டும், ஆற்றுக்கு அக்கரைப் பாக்டரியிலிருந்து அவன் அண்ணன், என் வீட்டுக்காரர், வரட்டும், அப்புறம் வைத்துக்கொள்கிறேன் என்று முனகிக்கொண்டு வியாபாரத்தைப் பார்த்தேன்.

அப்போதுதான் கெட்டில் மூடிச் சத்தம் கேட்டது. பாய்ந்து ஷட்டரை இழுத்தேன். முக்கால்வாசி இறங்குவதற்குள் ஒரு போலீஸ்காரர் குனிந்து எட்டிப் பார்த்தார். என் மகன் வயசுதான் இருக்கும். திருவிழாவுக்குத் தடுப்பு கட்டக் கயிறு வேண்டுமாம். கடை இல்லை என்றேன். உள்ளே யார் என்று கேட்டார். கொழுந்தன், ராத்திரி வேலை பார்த்த அசதியில் தூங்குகிறான் என்று கூசாமல் புளுகினேன்.

அவர் போகவில்லை. தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார். ஒரு குறட்டை. ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் தொண்டையில் தண்ணீர் சிக்கினாற்போல் இன்னொன்று.

"அக்கா, இது தூக்கம் இல்லை. மூச்சு அடைக்குது. ஷட்டரைத் தூக்குங்க" என்றார் பர்மியத்தில்.

என் கை கொக்கியை விடவில்லை. இவரை உள்ளே விட்டால் அவனைப் பிடித்துக்கொண்டு போய்விடுவாரே. எட்டு மாதப் பாடும் ஜெயிலில் முடிந்துவிடுமே. அப்படி நான் யோசித்துக்கொண்டு நின்றபோதே குறட்டை நின்றுபோனது. அடுத்தது வரவே இல்லை. நான் ஷட்டரைத் தூக்கிய வேகத்தில் என் நகம் பெயர்ந்ததுகூட அப்புறம்தான் தெரிந்தது.

அவன் உதடு நாவற்பழ நிறத்தில் இருந்தது. என்ன போட்டான், உண்மையைச் சொல்லுங்கள் என்றார். ஹெராயின் என்று சொல்லிவிட்டேன். அவர் இடுப்புப் பையில் கை விட்டார். விலங்குதான் வருகிறது என்று நினைத்தேன். வந்தது விரல் நீள வெள்ளைக் குப்பி. அவன் தலையை நிமிர்த்தி மூக்குக்குள் வைத்து அழுத்தினார். அவன் வாய்மேல் நடுவில் ஓட்டை வைத்த ஒரு பிளாஸ்டிக் தாளைப் போட்டு மூச்சை ஊதினார். நான் முருகா முருகா என்று அவன் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு மூன்று நிமிஷம் போனது. இன்னொரு குப்பியை அழுத்தினார். மறுபடி ஊதினார்.

நெஞ்சு தானாக ஏறியது. அவன் இருமினான், கண்ணைத் திறந்தான், போலீஸ்காரரின் பூட்ஸ்மேலேயே வாந்தி எடுத்தான்.

"என்னத்த அண்ணி பண்ணுனீங்க, தலை ஒடையுது" என்று என்னிடம் எரிந்து விழுந்தான் பாருங்கள், அந்தத் திட்டு மாதிரி இனிப்பாக நான் எதையும் கேட்டதில்லை. அழுதுகொண்டே கைதட்டினேன். வாசலில் கூடிவிட்ட தெருவே கைதட்டியது. மூடி தட்டிய டீக்கடைக்காரர்தான் ஓடிப்போய் டாக்சி பிடித்து வந்தார்.

போதையை முறிக்கிற இந்த மூக்கு மருந்தின் வேகம் சீக்கிரம் தணிந்துவிடும், மறுபடி மூச்சு நிற்கலாம் என்று ஆஸ்பத்திரி வரைக்கும் அவரே கூட வந்தார். பல மாதம் விட்டவன் உடம்பு பழைய அளவைத் தாங்காது என்பதையும் அவர்தான் சொன்னார். அவருடைய ஸ்டேஷனில் இந்தப் பயிற்சி கொடுத்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்ததாம். நிஜ மனுஷனுக்கு இதுதான் முதல் தடவையாம். டாக்சியில் வழி முழுக்க அவன் மூக்கருகே விரலை வைத்துக்கொண்டே வந்தார். கேஸ் எதுவும் எழுதவில்லை.

கொழுந்தன் மறுபடி சிகிச்சைக்குப் போனான். இந்த வருஷம் திருவிழாத் தடுப்புக்கு எங்கள் கடைக் கயிறுதான், அவன் போட்ட முடிச்சுதான். அந்த வெள்ளைக் குப்பி இரண்டு எங்கள் கடை ஆணியிலும் தொங்குகிறது. கெட்டில் மூடிச் சத்தம் இப்போதும் கேட்கிறது, பழக்கம் எங்கே விடும். ஆனால் வருவது அவர் என்றால் நான் ஷட்டரைத் தொடுவதில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கொழுந்தன் அதே தார்ப்பாய்க் கட்டின்மேல் சாய்ந்து, இடைவெளி விடாமல் குறட்டை விடுகிறான். அதைக் கேட்கும்போதெல்லாம், அன்றைக்குக் கேட்ட சத்தத்தைத் தூக்கம் என்று நம்பி, காப்பாற்ற வந்தவரைத்தான் நான் வெளியே நிறுத்தப் பார்த்தேன் என்பது நினைவுக்கு வந்து, நெஞ்சு ஒரு தரம் திக்கென்று அடித்து, பிறகு நிறைந்துபோகிறது.