தாம்பாளம் சுமந்த ஏஜென்ட்

திண்டிவனத்தில் என் மில்லில் உடைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைப் பருப்பு, வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றில் ஒரு வாரமாகக் கிடந்தது. அதை மீட்க விழுப்புரத்து ஏஜென்ட் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனேன். சஃபாரி சூட், நெற்றி நிறைய விபூதி. எந்த அதிகாரியையும் வெறுங்கையோடு பார்க்கமாட்டார். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம் வைத்து, அடியில் கவரைச் சொருகிவிடுவார்.

அங்கே சுங்க அதிகாரி ஒரு பெண். காகிதங்களைப் படித்துவிட்டுச் சிரித்தபடி, முத்திரை குத்தச் சீலைக் கையில் எடுத்தார். அதற்குள் இந்த ஆள் தாம்பாளத்தை நீட்டினார். அந்தம்மா கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் போலீசைக் கூப்பிட்டார். சரக்கு பறிமுதல்.

போலீஸ் அறையில் உட்காரவைத்ததும் கத்தினேன். "யோவ், அந்தம்மாதான் சீல் குத்தப் போச்சே! எதுக்குய்யா தட்டத் தூக்கிக்கினு ஓடுன?"

"லஞ்சம் வாங்காதவங்கன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?" என்றார் அவர், நிஜமான வருத்தத்தோடு. "வாசல்ல இருந்த வாட்ச்மேனுக்கு ஏதாச்சும் குடுத்திருந்தா முன்னாடியே சொல்லியிருப்பான். நம்ம தப்புதாங்க."

அந்த ஆள் அயோக்கியனா, அப்பாவியா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. திட்டலாம் என்று வாயைத் திறப்பேன். கவருக்குள் நோட்டை வைத்து ஒட்டிக் கொடுத்தவன் நான்தான் என்பது உடனே ஞாபகம் வந்துவிடும்.