கழுத்தில் தொங்கிய மட்டை

எனக்குக் கோபம் வந்தால் முதலில் வருவது கை. வாய் அதற்குப் பிறகுதான். எங்கள் வீட்டில் இது எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் அன்று காலை லண்டன் எட்மண்டனில் காரில் ஏறும்போதே மகள் பின்பக்கம் திரும்பி, "அம்மா, இண்டைக்கு ஒரு நாள் மட்டும், ப்ளீஸ்," என்றாள். மிச்சத்தை அவள் சொல்லத் தேவையிருக்கவில்லை.

அன்றைக்குக் கல்யாணத்துக்கு நாள் வைப்பதாக இருந்தது. பெடியன் மலேசியத் தமிழன். லண்டனில் பிறந்து வளர்ந்தவன், நல்ல வேலை, அமைதியான சுபாவம். மூன்று வருஷமாக இருவரும் பழகினார்கள், அதில் இரண்டு வருஷம் நான் ஏலாது என்று நின்றேன். யார் எவரென்று விசாரிக்க எங்களுக்கு மலேசியாவில் ஓர் ஆளில்லை என்பதுதான் நான் சொன்ன காரணம். கடைசியில் மகள் பட்டினி கிடக்கவுமில்லை, அழவுமில்லை. கவுன்சில் ஒஃபிசில் கல்யாணப் பதிவுக்குக் கையெழுத்து வைத்துவிட்டுப் போய்விடுவேன், பிறகு இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று தேத்தண்ணி குடித்தபடி சொன்னாள். அவள் என் மகள், சொன்னால் செய்வாள். நான் இறங்கி வந்தேன். பெடியனுக்குத் தாய் இல்லை. தகப்பனைச் சந்தித்து நாள் குறித்துக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி.

அந்த மனிதர் சந்திக்கக் கூப்பிட்ட இடத்தைக் கேட்டதும் எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. ஒழுங்கான ஆட்கள் வீட்டுக்குக் கூப்பிடுவார்கள், இல்லையென்றால் வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலில் பூசை முடிய நின்று கதைப்பார்கள். அந்த மனிதர் கூப்பிட்டது கௌபோய் மியூசியத்துக்கு. சின்ன வயதில் ஈப்போவில் கௌபோய் படம் பார்த்தே வளர்ந்தவராம். படிக்க லண்டன் வந்து, இஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பைத்தியம் தெளியவில்லை. வீட்டில் சந்தித்தால் எல்லாரும் விறைத்துக்கொண்டு இருப்பார்கள், வெளியே சந்தித்தால் சிரித்துப் பழகலாம் என்றாராம். நல்ல யோசனை என்று மகள் துள்ளினாள். இவரும் தலையாட்டினார். என் வீட்டுக்காரர் தலையாட்டாத விஷயம் உலகத்தில் குறைவு. அதிலும் நாங்கள் பெண் வீட்டார். மாப்பிள்ளை வீட்டார் கூப்பிட்டால் குதிரையில் ஏறவும் அவர் ஆயத்தம்.

நான் பட்டுச் சேலை உடுத்தேன். ஒரு பெரிய பையில் ரோல்ஸும் பற்றிஸும் பொரித்துப் போட்டு, நடுவில் இரும்பு ஃபிளாஸ்க் நிறையத் தேத்தண்ணி வைத்தேன். முதல் முதலாகச் சம்பந்தியைப் பார்க்க வெறுங்கையோடு போகக்கூடாது, அது மியூசியமாக இருந்தாலும் சரி.

கிழக்கு லண்டனில் ஆற்றோரத்துப் பழைய செங்கல் கிடங்கு ஒன்றைத்தான் மியூசியம் ஆக்கியிருந்தார்கள். குடும்பத்தோடு மகிழுங்கள் என்று வாசலில் பெரிதாக எழுதியிருந்தது. அகலத் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை சிரித்துக்கொண்டே எல்லார் நெஞ்சிலும் தகர நட்சத்திரம் குத்தினாள். என் காஞ்சிபுரத்தில் ஓட்டை விழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

உள்ளே போனால், குடும்பத்தோடு மகிழ அங்கே இருந்ததெல்லாம் கொலை. முதல் மண்டபத்தில் எங்கள் முன்னறைச் சுவரளவு ஓர் ஓவியம். குதிரையில் வந்தவர்கள் கூடாரங்களுக்குள் சுடுகிறார்கள். புகைக்குள் ஒருத்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள், அவளுடைய முதுகில் சிவப்பு. அதற்கு முன்னால் ஒரு குடும்பம் நின்று செல்ஃபி எடுத்தது. வெண்கலத்தில் செய்த குதிரைகள் எல்லாம் விழுந்துகொண்டிருந்தன, வயிறு கிழிந்து, வாய் பிளந்து. கொன்று தோலுரித்த காட்டெருமைகளின் மண்டையோடுகளை மலைபோல் குவித்து, உச்சியில் ஒருவன் காலை அகட்டி நிற்கும் புகைப்படம் இருந்தது. ஆட்களைத் தொங்கவிட்ட கயிறு ஒன்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, அப்டன் பார்க் நகைக்கடைச் சோகேசில் தாலிக்கொடிக்கு அடிப்பதுபோல மஞ்சள் வெளிச்சம் அடித்திருந்தார்கள். ஒரு தாய் தன் பிள்ளையைத் தூக்கி அதைக் காட்டினாள். பிள்ளை ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டே பார்த்தது.

பிடியை இழுத்தால் துப்பாக்கி வெடிச்சத்தம் கேட்கும் பெட்டி ஒன்றும் இருந்தது. சின்னன்கள் மாறி மாறி இழுத்தார்கள். மகள் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். சத்தத்துக்கு நான் பயந்தவள் இல்லை. எங்கள் தெருவில் வருஷா வருஷம் வெடிக்கும் பட்டாசுக்கு முன்னால் அது ஒரு சத்தமா? எனக்கு வந்தது எரிச்சல்தான். பெட்டியைத் தூக்கி ஆற்றில் எறிய வேண்டும்போல இருந்தது.

பெடியனின் தகப்பன் குழந்தைபோல ஓடித் திரிந்தார். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் முன்னால் நின்று விளக்கம் சொன்னார். என்னை மேடம், மேடம் என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டார். நல்ல மனிதர், எனக்கே தெரிந்தது. மேசையடி வாங்குப் பலகையில் உட்கார்ந்து என் ரோல்ஸை மூன்று சாப்பிட்டு, உறைப்பில் மூக்கைத் துடைத்துக்கொண்டு நாலாவதும் கேட்டார். தை பிறந்ததும் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாமா என்று இவரிடம் கேட்க, இவர் தலையாட்டினார். மகள் மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்து நெரித்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் கண்டதில்லை. பேசாமல் அங்கிருந்தே வீட்டுக்குப் போயிருக்கலாம்.

கடைசி மண்டபம் ஒன்று மிச்சம் இருந்தது. பலகையால் ஒரு தெருவைக் கட்டியிருந்தார்கள். வங்கி, சாராயக்கடை, சிறைக்கூடு. தெரு நடுவில் ஒரு மரக்கம்பம். பக்கத்துப் பெட்டியில் நூல் கோத்த காட்போட் மட்டைகள். ஆட்கள் கம்பத்தில் சாய்ந்து நிற்பார்கள், கையைப் பின்னால் கட்டுவார்கள், கழுத்தில் ஒரு மட்டை தொங்கும், ஒருவர் முன்னால் நின்று பிளாஸ்டிக் துப்பாக்கியை நீட்டுவார், மற்றவர் படம் எடுப்பார். வரிசையில் நின்றார்கள்.

நான் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தேன். வரும்போது இவர் கம்பத்தில் நின்றுகொண்டிருந்தார்.

பெடியனின் தகப்பன் கேட்டிருப்பார், இவர் தலையாட்டியிருப்பார். கை பின்னால். கழுத்தில் மட்டை. குதிரைக் கள்ளன் என்று இங்கிலிஷில் கறுப்பு எழுத்து. படத்துக்காகக் கண்ணை மூடி, தலையை ஒரு பக்கம் சரித்து வைத்திருந்தார். முன்னால் அந்த மனிதர் துப்பாக்கியை நீட்டி, ஊரைக் கூட்டிச் சொல்வதுபோல, "இவன் செஞ்ச குத்தத்துக்கு..." என்று தமிழில் தொடங்கினார்.

முடிக்க நான் விடவில்லை. தோளில் கிடந்த பையைச் சுழற்றி முகத்தில் அடித்தேன். ஃபிளாஸ்க் பட்ட சத்தம் எனக்கே கேட்டது. அவர் பலகை வங்கியின் மேல் விழுந்தார். நான் நிற்கவில்லை. குனிந்து இன்னொரு தரம் அடித்தேன், தோளில் பட்டது. பிறகு இவருடைய கழுத்தில் கிடந்த மட்டையை இழுத்தேன். நூல் அறவில்லை, இவருடைய தலையும் சேர்ந்து வந்தது. பல்லால் கடித்தேன். மட்டையைக் கிழித்து, காலுக்குக் கீழே போட்டு மிதித்தேன். யாரோ ஒரு பிள்ளை வீரிட்டு அழுதது. தூஷணம் பேசினேன் என்று மகள் பிறகு சொன்னாள், எனக்கு ஞாபகம் இல்லை.

தொப்பிக்காரப் பிள்ளையும் இரண்டு மியூசியக் காவலர்களும் ஓடி வந்தார்கள். பொலிஸைக் கூப்பிடுவதா என்று கேட்டார்கள். அந்த மனிதர் எழுந்து நின்றார். மேலுதடு பிளந்து ரத்தம் சட்டை வரை வழிந்தது, தகர நட்சத்திரமும் சிவப்பாக இருந்தது. கால் தடுக்கி விழுந்தேன், இவர்கள் என் குடும்பம் என்று இங்கிலிஷில் சொன்னார். காவலர்கள் நம்பவில்லை. ஆனாலும் எங்களை வாசலடி வாங்கில் இருத்திக் கடதாசித் துவாய் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

பெடியன் தகப்பனின் உதட்டைத் துடைத்தான், என்னைப் பார்க்கவில்லை. மகள் எனக்கு முன்னால் வந்து நின்றாள். எல்லாம் முடிந்தது, இதுக்குத்தானே நீ காத்துக்கொண்டிருந்தாய் என்றாள். நீ இந்தக் கல்யாணத்தை ஒரு நாளும் விரும்பவில்லை, அந்த மனிதரை அடிக்க ஒரு சாட்டுத் தேடினாய் என்றாள்.

என் வீட்டுக்காரர் மெல்ல என்னிடம், "சொல்லும்," என்றார். அவர் ஊரில் இயக்கங்கள் வரும் முன்பே லண்டன் வந்துவிட்டவர். கதையைக் கேட்டிருக்கிறார், கண்ணால் கண்டதில்லை. கண்டிருந்தால் அந்தக் கம்பத்தில் சாய்ந்திருக்க மாட்டார். அவருடைய முகம் வெளிறிப்போயிருந்தது.

எங்கள் சாமியறையில் என் அண்ணையின் படம் இருக்கிறது. ஆமி சுட்டது என்றுதான் மகள் அறிவாள். நவம்பரில், போரில் செத்தவர்களை நினைக்கும் நாளில், அவளே விளக்கு ஏற்றுவாள்.

"மாமாவை ஆமி சுடேல்லை," என்றேன். "பொடியள்தான் சுட்டவங்கள். சந்தி லைட் போஸ்டிலை கட்டி, கழுத்திலை மட்டை போட்டு."

பிறகு மிச்சமும் வந்தது, நிறுத்த முடியவில்லை. எந்த இயக்கத்துப் பொடியள் என்று இன்றுவரை தெரியாது. அப்போது பல இயக்கம். எனக்குப் பதினாறு. விடிய ஆட்கள் வந்து சொன்னார்கள், அம்மாவும் நானும் ஓடினோம். சைக்கிளில் வந்தவர்கள் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்று மட்டையை வாசித்துவிட்டுப் போனார்கள். சவர்க்காரப் பெட்டி கிழித்த மட்டை. சமூக விரோதி என்று எழுதியிருந்தது. நல்ல வடிவான கையெழுத்து, படித்த ஒருவன்தான் எழுதியிருக்க வேண்டும். நெற்றியில் துப்பாக்கிச் சூட்டுக் காயம். ரத்தம் மட்டைக்குள் ஊறி எழுத்தின் பாதி மறைந்துவிட்டது. பின்னேரம் வரை அவிழ்க்கக்கூடாது என்று உத்தரவு. உதவிக்கு ஒருவரும் வரவில்லை, தெரிந்தவர்களும் வரவில்லை. அம்மா போய் நைலோன் கயிற்றைப் பல்லால் கடித்து அவிழ்த்தா. பல்முரசு கிழிந்து அவவுடைய வாயெல்லாம் ரத்தம். அண்ணை என் மேல்தான் விழுந்தான். பாரம் தாங்காமல் நானும் தெருவில் விழுந்தேன்.

மகள் வாங்கில் இருந்துவிட்டாள். பிறகு கேட்டாள், "மாமா என்ன செய்தவர்?"

என் கை எழும்பியது. இவர் பிடித்துக்கொண்டார். பிடித்திராவிட்டால் அவளுடைய முகத்தையும் உடைத்திருப்பேன். ஊரே கேட்ட கேள்வி அது. செத்தவீட்டுக்கு வந்த நாலைந்து பேரும் அம்மாவின் காதுக்குள் கேட்டது, சைக்கிளில் நின்றவன் பக்கத்தில் நின்றவனிடம் கேட்டது. நான் பெற்ற பிள்ளை, அந்தச் சந்தியைக் காணாத பிள்ளை, லண்டனில் இருந்துகொண்டு அதையே கேட்கிறாள்.

"தெரியாது," என்றேன். "எனக்குத் தெரியாது பிள்ளை. ஒண்டும் செய்யாமல் கட்டினவங்களோ, என்னவும் செய்தவனோ, எனக்குத் தெரியாது."

சொல்லி முடியவும் அழுகை வந்துவிட்டது. கோபத்தில் அல்லாமல் நான் அழுவதை மகள் கண்டதேயில்லை. அவள் பயந்துபோய்த் தகப்பனைப் பார்த்தாள்.

பெடியனின் தகப்பன் எழுந்து வந்தார். பெடியன் அவருடைய கையைப் பிடித்து இழுத்தான், அவர் விடுவித்துக்கொண்டு என் பக்கத்தில் இருந்தார். சட்டையில் குத்தியிருந்த நட்சத்திரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டார். உதடு வீங்கி ஒரு பக்கம் கோணியிருந்தது. இன்னும் ஒன்று சொன்னால் என்ன செய்வேனோ என்று நானே பயந்தேன்.

"அண்ணன் பேரு என்ன, சம்பந்தி?" என்று கேட்டார்.

என்ன செய்தவன் என்று கேட்ட வாய்களை எண்ண முடியாது. பெயரை ஒருவரும் கேட்டதில்லை. மட்டையை எழுதினவனும் பெயரை எழுதவில்லை. கல்யாணம் குழம்பவில்லை என்று அந்தச் சம்பந்தி என்ற சொல்லில் மகளுக்கு முதலில் விளங்கிவிட்டது, அவள் வாயைப் பொத்திக்கொண்டு விம்மினாள். எனக்கு அது பிறகுதான் உறைத்தது. நான் அண்ணையின் பெயரைச் சொன்னேன். முதல் தரம் அவருக்கு மட்டும் கேட்டது. இரண்டாம் தரம், வாசலில் நட்சத்திரம் குத்த வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்க, உரத்துச் சொன்னேன்.